விசிறிக்கும் தடுப்புக்கும் நடுவில்

அக்கா தன் புருஷன் வீட்டை விட்டுப் போன பிறகும் நான் மாமாவின் படகுப் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். போகாமல் நின்றால், அவள் இருக்கும் இடம் எனக்குத் தெரியும் என்று அவருக்குப் புரிந்துவிடும். மாமா ஒன்றும் கேட்கவில்லை. "பல்லி, உள்ள போ" என்பார். போவேன். என் உடம்பைப் பார்த்து அவர் வைத்த பெயர் அது. பட்டறையில் எல்லோருக்கும் நான் பல்லிதான்.

அன்று பழைய பாய்மரப் படகு ஒன்றின் சுக்கான் கம்பிகளை மாற்றிக்கொண்டிருந்தோம். படகு கரையில் முட்டுகளின் மேல் நின்றது. மேல்தளத்தில் ஆளுயரச் சக்கரம். அதைச் சுற்றினால் ஒரு செயின் ஓடும். செயினின் இரண்டு முனைகளிலும் கட்டிய கம்பிக் கயிறுகள் கப்பிகளின் வழியே தளத்துக்கு அடியில் போய் ஒரு வெண்கலத் துண்டை இழுக்கும். விரித்த விசிறி போல இருப்பதால் நாங்கள் அதை விசிறி என்போம். விசிறி திரும்பினால் சுக்கான் திரும்பும். அளவு மீறித் திரும்பாமல் இருக்க இரண்டு பக்கமும் இரும்புத் தடுப்பு இருக்கும்.

விசிறி இருக்கும் பொந்துக்கு, கேபின் கட்டிலுக்குப் பின்னால் உள்ள ஓட்டை வழியாக ஊர்ந்துதான் போக வேண்டும். வேறு யாருடைய தோளும் அதில் நுழையாது. மேலே, சக்கரத்தின் காலடியில், ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்தால் ஒரு தலையும் ஒரு கையும் உள்ளே விடலாம். அவ்வளவுதான்.

உள்ளே போகும் ஆள் முதலில் சக்கரத்தை அசையாதபடி கயிற்றால் கட்டிவிட்டுப் போக வேண்டும். நானே கட்டினேன். முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினேன்.

"ஆச்சா பல்லி?" மூடி வழியாகக் குரல் வந்தது.

"ஒரு கம்பி மாட்டிட்டேன் மாமா. கழலாம இருக்கப் பின்னு போடணும்."

"பின்னு கடைசில போட்டுக்கலாம். அடுத்ததைப் புடி."

அடுத்த கம்பி தடுப்புக்கு அந்தப் பக்கம் தொங்கியது. விசிறிக்கும் தடுப்புக்கும் நடுவில் கையை முழங்கை வரை விட்டுத் துழாவினேன். விரல் நுனியில் கம்பி பட்டபோது மேலே கயிறு மரத்தில் உரசும் சத்தம் கேட்டது. முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கை உள்ள இருக்கு!"

"தெரியும்."

விசிறி நகர்ந்து வந்து என் கையைத் தடுப்பில் வைத்து அழுத்தியது. வெண்கலத்தின் ஓரம் சதைக்குள் இறங்கியது. சக்கரத்தில் ஒரு முழம் சுற்றினால் விசிறி ஒரு விரல் அளவுதான் நகரும். விசை அதே கணக்கில் பெருகும். கல்லூரியில் இந்தக் கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"உங்க அக்கா எங்க?"

"தெரியாது மாமா."

இன்னும் கொஞ்சம் சுற்றினார். நான் கத்தினேன். பக்கத்துப் படகில் வெல்டர் துரு தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மிஷின் சத்தத்தில் என் சத்தம் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"பல்லிக்கு வால் போனா முளைச்சிடும். கை முளைக்குமா? நீதான் சயின்ஸ் படிச்சவளாச்சே, சொல்லேன்."

"சத்தியமா தெரியாது."

"உன் ஃபிரெண்டு வீட்டுல இருக்காளா?"

"இல்ல."

"இல்லன்னு அவ்வளவு சீக்கிரம் வருதே. அப்போ எங்கன்னும் வரணுமே."

மறுபடி சுற்றினார். இரத்தம் முழங்கை வழியாக என் கழுத்துக்கு வந்தது. இடத்தின் பெயர் என் வாயில் இருந்தது. பல்லைக் கடித்தேன். கன்னத்தின் உள்சதை பல்லில் சிக்கிக் கிழிந்தது.

"சரி, மூச்சு விட்டுக்க. யோசிச்சுச் சொல்லு," என்று சக்கரத்தைத் திருப்பிச் சுற்றினார்.

விசிறி நகரவில்லை. கம்பி இழுக்கும், தள்ளாது. விசிறியைத் திரும்பக் கொண்டுபோக வேண்டிய இரண்டாவது கம்பி இன்னும் மாட்டப்படவே இல்லை. ஆனால் முதல் கம்பி தளர்ந்து தொய்ந்தது. முட்டியால் விசிறியைத் தள்ளினேன். அசைந்தது. கையை உருவினேன். தோல் கொஞ்சம் தடுப்பிலேயே தங்கிவிட்டது. தொய்ந்த கம்பியின் வளையம் கொக்கியில் சும்மா கிடந்தது. பின் போட்டிருந்தால் கழற்ற முடிந்திருக்காது. இன்னொரு கையால் கழற்றினேன்.

"என்ன, யோசிச்சியா?"

"தெரியாது."

"திமிரு," என்று அவர் ஒரே மூச்சில் சுற்றினார். கம்பி மட்டும் என் முகத்தை ஒட்டி ஓடியது. விசிறி அப்படியே நின்றது. நான் அதுவரை கத்தாத ஒரு கத்தல் கத்தி, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

மேலே சக்கரம் சும்மா சுழன்றது.

"ஏய். என்ன இவ்வளவு லேசா சுத்துது?" குரல் மாறியிருந்தது. "எலும்பு போயிடுச்சா? ஏய், பல்லி!"

நான் பேசவில்லை.

மூடியின் வெளிச்சம் மறைந்தது. அவர் குப்புறப் படுத்துத் தலையையும் வலது கையையும் உள்ளே விட்டார். "நடிக்கிறியாடி," என்று என் முடியைத் தேடிக் கை வந்தது. விசிறிக்கும் தடுப்புக்கும் நடுவில் புகுந்து வந்தது. என் காதைத் தொட்டது.

முட்டிகளை மார்பு வரை மடக்கி இரண்டு காலாலும் விசிறியை உதைத்தேன்.

காய்ந்த விறகை முழங்காலில் வைத்து உடைத்தது போல ஒரு சத்தம். பிறகுதான் அவர் கத்தினார். இன்னொரு தடவை உதைத்தேன். பெரிய ஸ்பேனரை விசிறிக்குப் பின்னால் செருகி, சுத்தியலால் அடித்து இறுக்கினேன்.

வந்த வழியே ஊர்ந்து கேபினுக்கு வந்து மேலே ஏறினேன். அவர் தலையை வெளியே எடுத்திருந்தார்; வலது கை மட்டும் தோள் வரை உள்ளே மாட்டியிருக்க, தளத்தில் கிடந்தார். கால்கள் பலகையை உதைத்துக்கொண்டிருந்தன. ஏணிக்குப் போக அவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது இன்னொரு கை என் கணுக்காலைப் பிடித்துக் கீழே இழுத்தது. பலகையில் தாடை மோதியது. அந்த ஒற்றைக் கையாலேயே அவர் என்னை இழுத்துத் தன் பக்கம் கொண்டுவந்தார். உடம்பை மடக்கி அவர் கட்டை விரலைக் கடித்தேன். விடவில்லை. மற்ற காலின் குதிகாலால் அவர் மூக்கில் மிதித்தேன். மூன்றாவது மிதிக்குப் பிடி விட்டது.

மிஷின் நின்றிருந்தது. வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஏணியில் தலையைக் காட்டினார்.

"என்னய்யா இது, ஆட்டை அறுக்கிறீங்களா?" என்றவர் அப்படியே நின்றுவிட்டார். அவிழ்ந்து கிடந்த கயிற்றைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். சக்கரத்தைப் பிடித்துச் சுற்றப் போனார்.

"அது சும்மாதான் சுத்தும். கம்பி இல்ல. உள்ள ஸ்பேனரைத் தட்டி எடுக்கணும்."

"அப்போ போய்த் தட்டும்மா. செத்துடப் போறாரு."

"நான் போகமாட்டேன்."

"உன்னை விட்டா யாரு அதுக்குள்ள நுழைவா?"

"யாரும் முடியாது."

மாமா இரத்தத்தைத் துப்பினார். "வெல்டரே, அவகிட்ட என்ன பேச்சு? பலகையை வெட்டுய்யா!"

வெல்டர் என் பக்கம் திரும்பினார். "உன் கைக்குத் துணி ஏதாவது சுத்து," என்று சொல்லிவிட்டு வெட்டுகிற மிஷினை எடுக்க இறங்கினார்.

ஏணியில் இறங்கி, பட்டறை வாசலுக்குப் பக்கத்தில் இருந்த குழாயில் கையைக் காட்டினேன். எலும்பு உடையவில்லை, விரல்கள் மடங்கின. நல்ல கையால் போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, கையை உடைச்சிட்டேன்."

"ஐயோ, எப்படிடி? டாக்டர்கிட்ட போனியா?"

"என் கை இல்ல. மாமா கை."

"எந்தக் கை?"

"வலது."

"வேலை செய்யறது, சாப்பிடறது, எழுதறது எல்லாம் அவருக்கு வலதுதான்," என்றாள் மெதுவாக. "என்னை அடிக்கிறதுக்கு மட்டும் இடது."

குழாயை மூடினேன்.

"நீ இருக்கிற இடத்தை நான் சொல்லலக்கா."

"தெரியும்டி என் தங்கமே." பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. "ஆனா உனக்குத் தெரிஞ்சா அடுத்த தடவையும் உன்னைத்தான் கேட்பாரு. நான் இப்பவே கிளம்புறேன். போற இடத்தை உன்கிட்டயும் சொல்லமாட்டேன். கோச்சுக்காத."

"சொல்லாத," என்றேன்.

"நீயும் அங்க நிக்காத. சரியா?"

பின்னால் மிஷின் பலகையில் இறங்கியது. அதையும் மீறி மாமாவின் குரல் வந்தது. என் பெயரைச் சொல்லிக் கத்தினார். பல்லி என்று இல்லை, என் நிஜப் பெயரை.

அக்காவின் எண்ணைப் போனிலிருந்து அழித்தேன். அது எனக்கு மனப்பாடமாக இருந்தது. அது மறந்துபோக, இலக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சொல்லிக்கொண்டே வாசலைத் தாண்டி நடந்தேன்.