தள்ளுபடி

ஒத்தக்கடையில், ஐகோர்ட்டுக்கு ஒரு பஸ் ஸ்டாப் தள்ளிக் குடியிருந்துகொண்டு, சொந்தக் கேசில் தீர்ப்பு வந்ததா வரலையா என்று தெரியாமல் கிடக்கிற கொடுமை வேறு எங்காவது உண்டா? நினைத்தாலே தங்கப்பொண்ணுக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பாதைக் கேஸ். பக்கத்து வீட்டுச் சோணைமுத்து பொதுப்பாதையை வளைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து மட்டும் விட்டிருந்தான். அவள் புருசன் அழகுமலையின் லோடு ஆட்டோ அன்றிலிருந்து மெயின் ரோட்டில் அனாதையாக நிற்கிறது. ரெண்டு தடவை பேட்டரி களவு போய்விட்டது. சிலிண்டர்காரன் தெரு முக்கிலேயே இறக்கிவிட்டு, "யக்கா, வந்து உருட்டிக்கிருங்க" என்று கத்திவிட்டுப் போய்விடுவான். கீழ்க்கோர்ட்டில் சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார்கள். சந்தோசப்பட்டு முடிப்பதற்குள் கேஸ் ஐகோர்ட்டுக்கு ஏறிவிட்டது.

வக்கீல் பட்டாபிராமனோ, எப்போது கேட்டாலும் "வந்தா சொல்றேம்மா" என்பார். இந்த வாரம் போனையே எடுக்கவில்லை.

"அவரப் புடிச்சு எதுக்குக்கா தொங்குறீங்க? தீர்ப்பெல்லாம் நெட்டுல ஓசியிலேயே கெடக்கு. பேரப் போட்டாப் போதும்" என்றாள், ஆரப்பாளையம் தையல் கடையில் கூட வேலை பார்க்கிற பவதாரிணி.

பேரைப் போட்டால் போதுமாம்! அழகுமலையின் ழ-வுக்கு இங்கிலீஷில் எந்த எழுத்தைப் போடுவது? சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து இசட் போட்டாள், இல்லை. ரெண்டு எல் போட்டாள், எவனோ ஒருத்தனின் ஜீவனாம்சக் கேஸ் வந்தது. "ஒம் பேரு வைக்கும்போது ஒங்க வீட்டுல கொஞ்சம் யோசிச்சிருக்கக் கூடாதாய்யா?" என்று பக்கத்தில் இருந்த அழகுமலையை ஒரு வை வைதுவிட்டு, ஒத்தை எல் போட்டாள். வந்து நின்றது. தீர்ப்பு போன வாரமே வந்திருக்கிறது! இங்கிலீஷை போனே தமிழாக்கியும் தந்தது.

அழகுமலை போனைப் பிடுங்கி, விறுவிறுவென்று கடைசிப் பக்கத்துக்குத் தள்ளினான். 'இந்த மேல்முறையீடு தள்ளுபடி செய்யப்படுகிறது.'

"போச்சு" என்று கட்டிலில் உட்கார்ந்தான். "நம்மளத் தள்ளிட்டாங்க புள்ள."

தங்கப்பொண்ணு போனைத் திரும்ப வாங்கினாள். எம்புட்டு அலைச்சல், எம்புட்டுப் பேச்சு!

அவன் சட்டென்று எழுந்து சட்டையை மாட்டினான். "சோணைமுத்து நாலஞ்சு நாளா சமாதானமாப் போயிருவோம்னு கூப்புட்டுக்கிட்டே இருக்கான். நாந்தேன் மொறச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அவனுக்கு இன்னும் தீர்ப்புத் தெரியாது போல. தெரியுறதுக்குள்ள போயி முடிச்சுட்டு வாரேன்."

"செத்த பொறுய்யா, முழுசாப் படிச்சுட்டு..."

"படிச்சா மாறிருமாக்கும்?" போயே விட்டான்.

இவனோடு மல்லுக்கட்டியே என் காலம் போச்சு என்று அவள் முதல் பக்கத்தை எடுத்தாள். 'மேல்முறையீட்டாளர்: சோணைமுத்து. எதிர்மனுதாரர்: அழகுமலை.' இன்னொரு தரம் படித்தாள். அடப்பாவி! அப்பீல் போட்டவனே அவன்தானே? தள்ளுபடி ஆனது அவனுடையதல்லவா? அப்படியென்றால் கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பு நிற்கிறது. சுவரை இடித்தாக வேண்டும். இது தெரிந்துதான் அந்தக் களவாணி சமாதானத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான்!

வீட்டில் இருக்கிறதே இந்த ஒரு போன்தான். அதையும் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். எதிரே அழகுமலை ஒருக்களித்தபடி வந்துகொண்டிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு, கையில் காராச்சேவுப் பொட்டலம். ஒருத்தரை ஒருத்தர் தாண்ட வழியில்லாமல் ரெண்டு பேரும் நின்றார்கள்.

"சமாதானப் பத்திரம் எழுதியே வச்சிருந்தான், கையெழுத்துப் போட்டாச்சு புள்ள. பெரிய மனசுதேன் அவனுக்கு. ரெண்டடி விட்டுக் குடுத்துட்டான். இனிமே பைக்கு தாராளமாப் போகும்."

"ஆட்டோ?"

"ஆட்டோ எப்பிடிப் போகும்? தோத்தவுகளுக்கு இம்புட்டுக் கெடச்சதே பெருசுல்ல."

அவள் போனை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "மொதப் பக்கத்தப் படிய்யா. அப்பீல் போட்டது யாரு?"

அவன் படித்தான். சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பவும் படித்தான்.

"சோணைமுத்து..." என்றான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்ன மாப்ள, கூப்புட்டியா?"