அக்கரையில் நிற்பவர்கள்

காந்திபுரத்தில் டவுன் பஸ்ஸின் படியில் ஏறப்போன நேரத்தில் கீதாவின் போன் அடித்தது. மதன்குமார், வீடியோ காலில். வேலை நேரத்தில் அவள் புருஷன் கூப்பிடுகிறவனே இல்லை. சட்டென்று ஒதுங்கி நின்றுகொண்டாள்.

கோயமுத்தூரில் செய்த பம்புகளை ஆப்பிரிக்காவில் ஓர் எல்லை ஆற்றங்கரையில் மாட்டிக்கொடுக்கப் போயிருந்தான். ஆற்றுக்கு இந்தக் கரை ஒரு நாடு, அந்தக் கரை இன்னொரு நாடு. மழை பொய்த்த வருஷம். பம்பு ஓடினால் அக்கரை வயல்களுக்குத் தண்ணீர் எட்டாது என்று தகராறு. போன வாரம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்: "நம்மூர்ல வாய்க்காத் தண்ணிக்கு அடிச்சுக்கறதில்லையா, அந்த மாதிரிதான்."

இப்போது திரையில் அவன் முகம் வெளிறிக் கிடந்தது.

"கீதா, அக்கரையில துப்பாக்கியோட வந்து நிக்கறாங்க. மோட்டார நிறுத்தலீன்னா சுடுவாங்களாமா."

"அப்ப நிறுத்திப்போட்டு ஓடியாங்க!"

"எங்க ஓடறது? பம்பு ரூம் வாசல்ல இந்தப் பக்கத்துச் சனம் அருவாளோட நிக்குது. பயிரு காயுதாம். நிறுத்துனா என்னை உடமாட்டாங்க. கூட இருந்தவங்கெல்லாம் இவங்க வர்றதுக்கு முன்னாடியே ஓடிட்டாங்க."

கீதாவுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. வெள்ளகோவிலில் வாய்க்கால் மடையில் சித்தப்பாவின் மண்டையைப் பிளந்தவர் வேற்றாள் இல்லை, சொந்தப் பங்காளி. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவரே தண்ணீர் என்றதும் மண்வெட்டியை ஓங்கினார். பேச்சுகூடப் புரியாத ஊரில் இவனை யார் பார்த்து இரங்கப்போகிறார்கள்?

"வால்வப் பாதி மூடட்டுமா? நீ சொல்லு. எனக்கு யோசனையே ஓட மாட்டேங்குது."

பாதித் தண்ணீர் இரண்டு கரையையும் அடக்கலாம். இரண்டு கரையையும் ஒன்றாகக் கிளப்பியும் விடலாம். அவள் சொல்லப்போகும் சொல்லில் அவன் உயிர் தொங்கியது.

"பாதி மூடுங்க" என்றாள். "மூடிப்போட்டுக் கையத் தூக்கிட்டு வெளிய வாங்க. போன மட்டும் வெச்சுராதீங்க மாமா."

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். இரும்புச் சக்கரம் கிறீச்சிட்டது. மோட்டார் இரைச்சல் மெல்லத் தணிந்தது. கதவு திறந்தது. உடனே கூச்சல் எழுந்தது. அது கோபமா, வேறெதாவதா, அவளுக்குப் பிடிபடவில்லை.

திரையில் அவன் சட்டைப் பையின் நீலத்துணி மட்டும் தெரிந்தது. வெயில் அதன் இழைகளுக்குள் புகுந்து வந்தது. அவன் மூச்சோடு துணி வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.