மூன்று பேர் பேசாமல் இருக்கும் சத்தம்

அவள் கையைத் தூக்கினால் மற்ற இருவரும் வாயை மூடிவிட வேண்டும். கை இறங்கும்வரை மூச்சு விடலாம். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, சிப்ஸ் பாக்கெட்டைத் தொடவே கூடாது. போன்கள் எல்லாம் அதற்கு முன்பே ஒரு பழைய ரொட்டி டப்பாவுக்குள் போய்விட வேண்டும். மீறியவர் அந்த வாரம் வேனைக் கழுவ வேண்டும். அந்த வேனில் இருந்த ஒரே சட்டம் இதுதான். சீட் பெல்ட்டைக்கூட அவர்கள் இவ்வளவு மதித்ததில்லை.

வேன் பேக்கரிக்காரனுடையது. வாரம் முழுக்க ரொட்டி சுமக்கும், சனிக்கிழமை விடிந்தால் மூன்று நண்பர்களைச் சுமக்கும். எத்தனை முறை கழுவினாலும் வெண்ணெய் வாசனை போகாது. முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் பல் டாக்டர் உட்காருவாள். மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே பிழைப்பு நடத்துகிறவளுக்குத் தன் வாயை மூடி வைப்பதுதான் பெரும்பாடு. அதனால் பெரும்பாலும் வேனைக் கழுவியது அவள்தான். பின் சீட்டில் மைக்கும் ஹெட்போனுமாகக் குறுகி உட்காருகிறவளை இருவரும் 'காது' என்று கூப்பிட்டார்கள்.

காதுக்கு ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் வேலை. தரைக்குக் கீழே, ஜன்னலே இல்லாத அறையில், விளம்பரங்களுக்கும் தொடர்களுக்கும் சத்தம் செய்து கொடுப்பாள். திரையில் கதாநாயகி மாடிப்படி இறங்கினால் இவள் மரப்பலகையில் ஹீல்ஸ் போட்டு நடப்பாள். யாருக்காவது எலும்பு முறிந்தால் கேரட்டை உடைப்பாள். கன்னத்தில் அறை விழுந்தால் ஈரத்துணியை மேஜையில் ஓங்கி அடிப்பாள். அதெல்லாம் சம்பளத்துக்கு. தனக்கென்று அவள் சனிக்கிழமைகளில் கையைத் தூக்கிப் பதிவு செய்து சேர்த்தது வேறொன்று: மௌனங்கள். வெறும் அறையின் மௌனம் அல்ல, ஆள் இருக்கும் மௌனம். மழைக்கு ஒதுங்கிய தகரக் கூரைக்கடியில் மூன்று பேர் பேசாமல் நிற்பது ஒரு சத்தம். காலி நீச்சல் குளத்தின் அடியில் அதே மூன்று பேர் பேசாமல் நிற்பது வேறொரு சத்தம். அவள் அவற்றை யாருக்கும் போட்டுக் காட்டியதில்லை. காட்டினால், ஒன்றும் கேட்கவில்லையே, கருவி ரிப்பேரா என்றுதான் கேட்பார்கள்.

இப்போது மூன்று சனிக்கிழமைகளாக வேனில் பின் சீட் காலியாக இருந்தது. காரணம் மிக்சிங் அண்ணன்.

ஸ்டூடியோவில் எல்லாச் சத்தங்களையும் கடைசியாகக் கலந்து கொடுப்பவர் அவர். நல்ல மனுஷர். இவள் வேலையில் உயிரையே வைத்திருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும், அதனால் உயிரை எடுப்பார். "நல்லா வேலை செய்றவங்கள யாரும் தேடி வர மாட்டாங்கம்மா. கண்ணுல படுறவங்களத்தான் கூப்பிடுவாங்க" என்பார். சினிமாக்காரர்கள் சனிக்கிழமை மத்தியானம் ஒரு ஹோட்டலின் மேல்மாடியில் கூடுவார்கள். பெரிய வேலைகள் அங்கேதான் கைமாறும். அவர் இவளையும் இழுத்துக்கொண்டு போனார்.

ஆளுக்கு ஆள் அறிவுரை சொன்னார்கள். ஊர் சுற்றுவதை நிறுத்து என்றார் அண்ணன். அந்த மேல்மாடிக்குப் போவதை நிறுத்து, அங்கே போய்விட்டு வந்தால் உன் சிரிப்பே மாறிவிடுகிறது என்றாள் பல் டாக்டர். அக்காவோ போனில் இன்னும் தெளிவாக இருந்தாள். "ஒண்ண விடுடீ. எத வேணா விடு, ஆனா ஒண்ண விடு. அந்த ஒண்ணுமே கேக்காத ரெக்கார்டிங்க விட்டா யாருக்கு நஷ்டம்?"

"எனக்கு" என்றாள் காது. "மூணுல எத விட்டாலும் எனக்குத்தான் நஷ்டம். மூணையும் வெச்சுக்கறேன்."

"உடம்பு ஒண்ணுதானே இருக்கு?"

"அதுக்கென்ன, அதுவும் என்னோடதுதானே."

அக்கா போனை வைத்துவிட்டாள். அடுத்த நாள் வைட்டமின் மாத்திரை அனுப்பியிருந்தாள்.

மேல்மாடிக் கூட்டத்தில் காதுக்கு ஒரு சிக்கல் இருந்தது. அவளுக்கு முகம் மனதில் நிற்காது, செருப்புச் சத்தம் நிற்கும். முன்பக்கம் தேய்ந்த தோல் ஷூ ஒரு தயாரிப்பாளர். இடது கால் மட்டும் முனகுவது ஒரு ஒளிப்பதிவாளர். மெத்தென்ற ரப்பர் அடி என்றால் ஜூஸ் தட்டோடு வரும் பையன்கள். மூன்றாவது சனிக்கிழமை, அங்கே ஓயாமல் ஓடும் பாட்டுக்கு நடுவே அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபோது பின்னால் ரப்பர் அடி வந்து நின்றது. பணியாள்தான் என்று நினைத்து, திரும்பாமலே மனம் விட்டுப் பேசிவிட்டாள்.

"அந்தப் பாட்ட கொஞ்சம் நிறுத்துங்களேன். நிறுத்தினா இங்க யாருமே யார்கிட்டயும் எதுவும் பேசலன்னு தெரிஞ்சுடும், அதனாலதான் நிறுத்த மாட்டேங்கறீங்களா?"

"நிறுத்தச் சொல்லிப் பாத்தேன், கேக்க மாட்டேங்கறாங்க" என்றது ஒரு பெண் குரல்.

திரும்பினால் அந்த அறையில் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இயக்குநரம்மா. நாள் முழுக்கப் படப்பிடிப்பில் நிற்பவர், அதனால் ரப்பர் செருப்பு. காதுக்குக் காதெல்லாம் சூடானது. ஆனால் அந்த அம்மாவுக்குக் கோபம் இல்லை. நீ என்ன வேலை என்று கேட்டார். அவள் சத்தம் செய்கிறவள் என்றதும், தன் அடுத்த படத்தைப் பற்றிச் சொன்னார். ஒரே வீட்டில் வாழும் மூன்று பேர், ஒரு சண்டைக்குப் பிறகு பேசுவதையே நிறுத்திவிடுகிறார்கள். படத்தில் பாதிக்குமேல் வசனம் கிடையாது. பார்த்த ஒலிக்காரர்கள் எல்லாம், அப்படியென்றால் இசையை வைத்து நிரப்பிவிடலாம் என்கிறார்களாம். நிரப்பத் தெரியாத ஒரு ஆளைத்தான் தேடிக்கொண்டிருப்பதாகச் சொல்லி, தன் எண்ணைக் கொடுத்தார். ஒரு மாதிரி அனுப்பச் சொன்னார்.

காது வீட்டுக்கு நடந்தே போனாள். யாருக்கும் புரியாது என்று அலமாரியில் போட்டு வைத்திருந்த பொருளை, அதைத்தான் தேடுகிறேன் என்று ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். இந்தப் படம் வேண்டும். வேறு எதையும் இவ்வளவு வேண்டியதாக அவளுக்கு நினைவில்லை.

அண்ணனுக்கும் தலைகால் புரியவில்லை. அவரே உட்கார்ந்து அவளுடைய பதிவுகளைச் சுத்தம் செய்தார். தகரக் கூரைப் பதிவில் பல் டாக்டர் சிரிப்பை அடக்க மூக்கால் விட்ட மூச்சை எடுத்தார். நீச்சல் குளத்தில் பேக்கரிக்காரனின் வயிறு பசியில் உருண்டதை எடுத்தார். துணி உரசல், எச்சில் விழுங்கல், எல்லாம் போயிற்று. வேண்டாம் அண்ணா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். மாதிரி அனுப்பும்போது அழுக்குச் சட்டையோடா போவார்கள் என்றார். அவருக்கு இருந்த அனுபவத்துக்கு மேலே பேச வாய் வராமல் அப்படியே அனுப்பிவிட்டாள்.

அன்று சாயங்காலமே இயக்குநரம்மாவின் குரல் செய்தி வந்தது. சின்னதாகத்தான் இருந்தது. "வீடு நல்லா இருக்கு. ஆனா ஆளக் காணோமே."

காதுக்குக் கோபம் அண்ணன்மேல் வரவில்லை, தன்மேல் வந்தது. அவர் துடைத்துப் போட்டதையெல்லாம் மறுபடி உள்ளே வைத்தாள். மூச்சு, வயிறு, தொண்டை, சட்டைப் பொத்தான், ஒன்றுவிடாமல். இந்த முறை அண்ணனைக் கேட்காமல், எதையும் தொடாமல், இருந்தபடி அனுப்பினாள்.

பதில் தயாரிப்பு நிர்வாகியிடமிருந்து வந்தது. அம்மாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது, சனிக்கிழமை அதே மேல்மாடிக்கு வாருங்கள், பேசி முடித்துவிடலாம்.

சனிக்கிழமை. நண்பர்கள் அன்று ஒரு பழைய ரயில் சுரங்கத்துக்குப் போவதாக இருந்தது. ரயில் ஓடுவதை நிறுத்திய சுரங்கம், உள்ளே நின்றால் சொந்த மூச்சே பின்னாலிருந்து கேட்குமாம். பேக்கரிக்காரன் போன வாரமே அங்கே போயிருக்கலாம், அவளுக்காகத்தான் தள்ளிப்போட்டிருந்தான். அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதுதான் உறுத்தியது. ஹோட்டல் வாசலில் வேனை நிறுத்துங்கள், முடித்துவிட்டு நேரே இறங்கி வருகிறேன் என்றாள். வராவிட்டால் என்று பல் டாக்டர் இழுத்தாள். வருவேன் என்றாள் காது.

மேல்மாடியில் எல்லாம் அவளுக்குச் சாதகமாகத்தான் தொடங்கியது. இயக்குநரம்மா கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பொத்தான் உரசும் அந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டார். அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்று, தன் வீட்டுப் பெண்ணைப் பார்க்க வந்தவர்களைப்போல எல்லோரையும் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிறகு நிர்வாகி விவரம் சொல்ல ஆரம்பித்தார். வேலை ஒன்றரை வருஷம். குழு முழுக்க ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கே கூடும், சேர்ந்து சாப்பிடும், பேசும். அம்மாவின் படங்களில் அது வழக்கம். யாரும் தவறக் கூடாது.

"ஒரு குடும்பம் மாதிரிம்மா" என்றார் இயக்குநரம்மா.

காது ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தாள். "திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் எப்ப கூப்பிட்டாலும் வர்றேன். விருந்துக்குக் கூப்பிட்டாலும் வர்றேன், புது ஆளுங்களப் பாக்கச் சொன்னாலும் பாக்கறேன். சனிக்கிழமை மட்டும் முடியாது."

வீட்டில் ஏதாவது பிரச்சனையா என்று நிர்வாகி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இல்ல. நண்பர்களோட வேன்ல ஊர் சுத்தப் போவேன்."

அண்ணனின் புன்னகை அப்படியே நின்றுபோனது. நிர்வாகிக்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியவில்லை. இயக்குநரம்மா மட்டும் அவளை உற்றுப் பார்த்தார்.

"உங்களுக்குப் பிடிச்சதே, அந்த மௌனமெல்லாம், சனிக்கிழமை எடுத்ததுதான்" என்றாள் காது. "ஆனா அதுக்காக மட்டும் போகல. எதுக்கும் உதவாட்டியும் போவேன்."

"வெளியில நாலு பேர் இந்த வாய்ப்புக்குக் காத்துட்டு நிக்கறாங்க" என்றார் நிர்வாகி.

"நிக்கட்டும். எனக்காகவும் கீழ ரெண்டு பேர் காத்துட்டு நிக்கறாங்க."

இயக்குநரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் யாரோ ஒரு பெரிய மனிதர் வந்துவிட்டார் என்று நாற்காலிகள் நகர, நிர்வாகி இயக்குநரம்மாவை எழுப்பி அழைத்துக்கொண்டு போனார். ரப்பர் செருப்பு பாட்டுக்குள் கரைந்துபோனது. காது எழுந்து லிஃப்டை நோக்கி நடந்தாள்.

அண்ணன் பின்னாலேயே ஓடிவந்தார். உனக்குப் பைத்தியமா, வேன் எங்கேயும் ஓடிப்போகாது, படம் ஓடிப்போகும் என்று லிஃப்ட் வரும்வரை பொரிந்து தள்ளினார். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கும் தெரிந்தது.

"அண்ணா, மூணு வாரமா அந்த வேன் நான் இல்லாமத்தான் ஓடுது. எனக்குப் பயமே அதுதான்."

கதவு மூடியது.

அவள் பின் சீட்டில் ஏறியதும் வேன் சுரங்கத்துக்குக் கிளம்பியது. மற்ற இருவரும் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பல் டாக்டர் கேட்காமல் இருந்ததே செய்தித்தாளில் போடவேண்டிய விஷயம். வேனுக்குள் வெண்ணெய் வாசனை அடித்தது. பாலத்தைத் தாண்டியபோது காது தானாகவே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நாங்கள் இன்னும் கொஞ்ச காலம் தனியாகப் போயிருப்போமே என்றான் பேக்கரிக்காரன். நீங்கள் போயிருப்பீர்கள், இந்தப் பின் சீட்டில் நான் இருந்திருக்க மாட்டேன் என்றாள் அவள்.

சுரங்கம் ஈரமாகவும் குளிராகவும் இருந்தது. வெளியே ஒரு ஓடை. உள்ளே நடக்க நடக்க வெளிச்சம் பின்னால் ஒரு தட்டு அளவுக்குச் சுருங்கியது. அவள் மைக்கை நிறுத்தினாள், ஹெட்போனை மாட்டினாள், கையைத் தூக்கினாள்.

மூன்று பேரும் பேசாமல் நின்றார்கள். எங்கோ ஒரு சொட்டு விழுந்தது. பல் டாக்டரின் மூச்சு சுவரைத் தொட்டுத் திரும்பி வந்தது. பேக்கரிக்காரன் எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றினான். அவள் சேர்த்த மௌனங்களிலேயே இதுதான் பெரியது என்று காதுக்குத் தோன்றியபோது, ஒரு போன் அடித்தது.

அவளுடையதுதான். ஹோட்டலிலிருந்து வந்த பதற்றத்தில் டப்பாவில் போட மறந்திருந்தாள். சட்டைப்பையில் திரை வெளிச்சம் துணியைத் தாண்டித் தெரிந்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தாள். இயக்குநரம்மா.

தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. பல் டாக்டர் கண்ணாலேயே கெஞ்சினாள், எடு, எடு. பேக்கரிக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டான். மணிச் சத்தம் சுரங்கம் முழுக்க ஓடி, மறுமுனையில் முட்டி, திரும்பி வந்தது. நின்றது. மறுபடி அடித்தது. காதின் கை அப்போதும் இறங்கவில்லை. அதுவும் நின்றது. கடைசி எதிரொலி அடங்கி, அதற்குப் பின்னால் மூன்று மூச்சுகள் மட்டும் மிஞ்சி, அவற்றில் ஒன்று சிரிப்பாக மாறப்போகும் நேரத்தில்தான் அவள் கையை இறக்கினாள்.

"எடுத்திருக்கலாம்ல, பாவி" என்று வெடித்தாள் பல் டாக்டர். "நாங்க என்ன கோர்ட்டா, அபராதம் போட?"

"போடுவோம்" என்றான் பேக்கரிக்காரன். "போன் அடிச்சது அவளோடது. வேன் அவதான் கழுவணும்."

காது சுரங்க வாயிலில் உட்கார்ந்து பதிவை முழுதாகக் கேட்டாள். சொட்டு, மூச்சு, மணி, மணி எடுக்கப்படாமல் நின்றுபோகும் இடம், அதற்குப் பிறகு மூன்று பேர். எதையும் வெட்டவில்லை. அப்படியே இயக்குநரம்மாவுக்கு அனுப்பினாள். கீழே ஒரே ஒரு வரி எழுதினாள்: நீங்கள் கூப்பிட்டபோது நாங்கள் பேசாமல் இருந்தது இப்படித்தான் இருந்தது, திங்கட்கிழமை வருகிறேன்.

பிறகு போனை ரொட்டி டப்பாவில் போட்டு மூடினாள். வாளியை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள்.

முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டப்பா அதிர்ந்தது. தகரம் முழுக்க நடுங்குகிற சத்தம். பல் டாக்டர் டப்பாவைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், திறக்கப்போவதுபோல மூடியில் கையை வைத்தாள்.

"திங்கக்கிழமை" என்றாள் காது, துணியைப் பிழிந்தபடி.