முதுகுப்பக்கத் தையல்

1

போதகர் என்னிடம் கேட்டது கட்டுரை. சபையின் மாத இதழுக்கு. 'அன்றாட வாழ்வில் பரிசுத்தம்' என்று தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார். இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன், உப்புச் சப்பில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் தையற்காரர், என் சட்டையை மடித்துக் கொடுத்துக்கொண்டே, பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். கட்டுரையைக் கிழித்துப் போட்டேன்.

2

'மன்னிப்பே உருவான ஒரு தையற்காரர் இருந்தார்...' (இல்லை. அவர் வாயைத் திறந்தால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும். மறுபடியும்.)

தையற்காரரின் மனைவி அவரை விட்டுப் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. போனது அவருடைய உயிர் நண்பனோடு. தையற்காரரின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற அதே ஆள். கண்காணாத இடத்துக்குப் போயிருந்தாலாவது பரவாயில்லை; இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார்கள்.

ஒரு பிற்பகலில் அவள் கடை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு கறுப்புக் கோட்டு.

"அவரு காலையில போயிட்டாரு."

தையற்காரர் மிஷினிலிருந்து காலை எடுத்தார்.

"நோயில பாதி ஆளாயிட்டாரு. இது தொளதொளன்னு இருக்கு. நாளைக்கு அடக்கம்."

"வேற கடை எதுவும் பாக்கலையா நீங்க?"

புதிதாக வந்த வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல 'நீங்க' என்றுதான் சொன்னார்.

"இது நீங்க தைச்சது," என்றாள்.

ஆமாம். தன் கல்யாணத்தன்று நண்பன் போட்டுக்கொள்ள அவரே தைத்துக் கொடுத்தது.

3

அவர் டேப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் அந்த வீட்டுக்குப் போனார். கட்டிலில் கிடந்தவனின் மார்பைச் சுற்றி அளவெடுத்தார். ஒரு காலத்தில் தோள்மேல் கைபோட்டுத் திரிந்த உடம்பு. 'அவர் கண்கள்...' (வேண்டாம்.)

"பின்னால கொத்தாப் பிடிச்சு நாலு ஊக்கு குத்திட்டாப் போதும்," என்றாள் அவள். "பெட்டிக்குள்ள யாரு பாக்கப்போறா?"

"முதுகுல குத்தும்," என்றார் தையற்காரர்.

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கோட்டை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று கடைக்கு வந்துவிட்டார். முதுகுத் தையலைப் பிரித்து, துணியைப் பிடித்து, உள் துணியையும் ஒழுங்காக வைத்து மறுபடி தைத்தார்.

[இந்த இடத்தில் அவர் ஜெபம் செய்ததாக எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து அவரையே கேட்டேன். "ஜெபமா? முடியிற வரைக்கும் அவனத் திட்டிக்கிட்டே இருந்தேன்*," என்றார். ஜெபத்தை அடித்துவிட்டேன். பிரதியைப் படித்த போதகர், "திட்டுனத மட்டும் எடுத்துடுங்களேன்," என்றார். எடுத்துப் பார்த்தேன். தையற்காரரும் கூடவே காணாமல் போய்விட்டார். திரும்பச் சேர்த்தேன்.]

* என்னென்ன திட்டினார் என்று தரவில்லை. இதழைக் குழந்தைகளும் படிக்கிறார்கள்.

4

சாயங்காலம் இருவருமாகத்தான் கோட்டைப் போட்டுவிட்டார்கள். நண்பனின் கை விறைத்திருந்தது, உள்ளே நுழைய மறுத்தது.

"கொஞ்சம் தூக்கிப் பிடி," என்றார்.

'பிடிங்க' இல்லை, 'பிடி'. அவள் பிடித்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. அவர் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். காலரைச் சரிசெய்தார். ஒட்டியிருந்த நூல் ஒன்றை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குக் கோயிலுக்கு வருவீங்களா?"

சபையே திரும்பிப் பார்க்கும். அது இருவருக்கும் தெரியும்.

"பாக்கலாம்," என்றார்.

5

அவர் போய்ப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார் என்று ஒரு முடிவு வைத்திருக்கிறேன். போதகருக்கு அது பிடித்திருக்கிறது. போகவில்லை, செய்ய வேண்டியதை முந்தின நாளே செய்துவிட்டார் என்று இன்னொன்று. என் மனசு இதன் பக்கம் சாய்கிறது. நான் அன்று ஊரில் இல்லை; போதகர் இந்தச் சபைக்கு வந்ததே அதற்குப் பிறகு; மற்றவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி என்று அவரிடமே கேட்டேன்.

நூலைப் பல்லால் கடித்துத் துப்பினார்.

"அது எனக்கும் அவனுக்கும்," என்றார்.

அதனால் கதையை அந்த அடக்க நாளிலேயே நிறுத்துகிறேன். கோயில் மணி அடிக்கிறது. அவர் கடைக்குள் நிற்கிறார், தோய்த்த சட்டை போட்டிருக்கிறார், கதவு பாதி திறந்திருக்கிறது. அடுத்த வரியை நீங்கள் எழுதுங்கள். மெதுவாக எழுதுங்கள், அவசரப்படுத்தினால் அவருக்குக் கோபம் வரும்.