விசுவாசியின் பல்

ஐம்பது வருஷமாக அந்த மாளிகைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத பஸ் டிரைவர், ஓய்வு பெற்ற பிறகு மகளின் நச்சரிப்பு தாங்காமல்தான் அவளோடு போனார். மாளிகை இப்போது அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் யாரும் முன்வாசல் வழியாகவே நுழையலாம்.

வேட்டைக்கூடத்தில் அவர் கால் நின்றுவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குள் பாடம் செய்து நிறுத்திய நாய். திருட வந்தவனைக் கவ்விப் பிடித்த விசுவாசி என்று அட்டையில் எழுதியிருந்தது. மாளிகையின் பழைய முதலாளியின் மகனே கூட்டத்துக்குச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தான். திருடன் போட்ட கூச்சல் அடுத்த ஊருக்கே கேட்டதாம் என்று சொல்லிச் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சம்பவம் நடந்தபோது டிரைவருக்குப் பன்னிரண்டு வயது. அம்மா இந்த மாளிகைச் சமையலறையில் வேலை பார்த்தாள். அப்பா கூரையிலிருந்து விழுந்துவிட்டதைச் சொல்ல ஓடிவந்தவன், பின்வாசலுக்குச் சுற்றிப் போக நேரமில்லாமல் முன்வாசலில் நுழைந்தான். மாடியில் நின்ற முதலாளி நாயை ஏவிவிட்டார்; அது அவன் வலது காலைக் கவ்வியது. அம்மாவுக்குச் சேதி போய்ச் சேர்வதற்குள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். முப்பது வருஷம் பிரேக்கை மிதித்தபோதெல்லாம் அந்தக் கால் சுண்டி இழுத்தது. மகளிடம் தெரு நாய் கடித்தது என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டினார். கெண்டைச்சதை இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்.

"அந்தத் திருடன் நான்தான். என்ன திருடினேன்னு அதையும் அட்டையில எழுதுங்க."

சிரிப்பு அப்படியே அடங்கியது. மகள் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். முதலாளியின் மகன் அவரை அலுவலக அறைக்குக் கூட்டிப்போய் மன்னிப்புக் கேட்டான், அட்டையை மாற்றிவிடுவதாகச் சொன்னான். டிரைவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் முதல் டிக்கெட் அவருடையது. பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் காலைக் காட்டி நடந்ததைச் சொன்னார். இரண்டே மாதத்தில் நாயை அப்புறப்படுத்தினார்கள். வெறும் இடத்தில் நின்று சொன்னார். கேட்கிற கூட்டம் கூடியதே ஒழியக் குறையவில்லை.

முதலாளியின் மகன் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டான். "எங்கப்பா செஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

"உங்கப்பாவுக்காக இல்ல தம்பி. அன்னிக்கு நீங்க சிரிச்சீங்களே, அதுக்கு."

அடுத்த வாரம் வேட்டைக்கூடத்துக்குப் பூட்டு விழுந்தது. டிரைவர் முன்வாசலுக்கு எதிரே இருந்த பெஞ்சுக்கு இடம் மாறினார்.