கண்ணாடிக்கு அடியில் ஒரு பிஸ்மில்லா

அறுபத்தெட்டாம் வருஷத்து அடைமழையில் தாம்பரம் ஆஸ்பத்திரி லேபில் ஸ்லைடுகளுக்கும் ஜலதோஷம் பிடித்தது. திசுவைச் சீவி, சாயமேற்றி, ஆல்கஹாலிலும் சைலாலிலும் முக்கி, ஒரு சொட்டுப் பிசின் விட்டு மெல்லிய கண்ணாடியால் மூடினால் பளிச்சென்று இருக்க வேண்டும். இவையோ பால் ஊற்றியதுபோல் மங்கின. எங்கோ ஈரம் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

மங்கியதெல்லாம் ஹஃபீசா மூடியவை. பல்லாவரத்திலிருந்து மின்ரயிலில் வருகிற பெண். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு நோயாளிக்குப் புற்றா இல்லையா என்று பார்த்துச் சொல்ல முடியாமல் போனதும் டாக்டர் வைத்தீஸ்வரனுக்குப் பொறுமை போய்விட்டது. இந்த வாரமும் இப்படியென்றால் வேறு ஆள்தான் என்று சொல்லிவிட்டார்.

பக்கத்து மேஜை ரத்தினபாய்க்குச் சோறு இறங்கவில்லை. இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் கைபோடுகிறவர்கள். ஆல்கஹாலை மாற்றிப் பார்த்தாள், சைலாலை மாற்றிப் பார்த்தாள், கண்ணாடிகளை விளக்கடியில் காயவைத்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் தன் வேலையைப் போட்டுவிட்டு ஹஃபீசாவையே பார்த்தாள். கையில் குற்றமில்லை, குற்றம் உதட்டில் இருந்தது. மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து, ஒவ்வொரு கண்ணாடியையும் மெல்ல பிஸ்மில்லா சொல்லித்தான் மூடினாள்.

இதை எந்த வாயால் சொல்வது? ஜெபத்தை நிறுத்து என்று யாராவது தன்னிடம் சொல்லியிருந்தால் ரத்தினபாய் ஆளை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். சொல்லாவிட்டால் வேலை போகும், சொன்னால் சிநேகிதம் போகும். மத்தியானம் வரை மென்று விழுங்கினாள்.

"கோவிச்சுக்காதே ஹஃபீசா. மூடும்போது ஏதோ சொல்றியே, அந்த மூச்சுதான் கண்ணாடியில படியுது."

ஹஃபீசா கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

"இதுக்கா காலையிலேர்ந்து முழிச்சுக்கிட்டு இருந்தீங்க? ஜன்னல் பக்கம் திரும்பிச் சொல்லிட்டு வந்து மூடறேன்க்கா. அல்லாவுக்கு எந்தப் பக்கம் சொன்னாலும் கேக்கும்."

அன்று முதல் ஸ்லைடு பளிச்சிட்டது. மங்கியவற்றை இருவருமாகச் சைலாலில் ஊறப்போட்டு, பிசின் கரைந்ததும் கண்ணாடியைக் கழற்றித் திரும்ப மூடினார்கள். வேலையும் நிலைத்தது. ஆனால் நான்கு வருஷத்தில் ஹஃபீசா கல்யாணமாகி மலேயாவுக்குக் கப்பலேறினாள். முதலில் கடிதம் வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. அந்த டிபன் பாக்ஸில் ஒற்றைக் கையாகச் சாப்பிட ரத்தினபாய்க்கு வெகுநாள் பிடிக்கவில்லை.

எழுபத்தெட்டில் மேஜை மாற்றும்போது இழுப்பறைக்குப் பின்னால் அகப்பட்டது ஒரு ஸ்லைடு. அன்று தப்பிப்போனது, நடுவில் வெள்ளைப் படலத்தோடு. பழக்கதோஷத்தில் ரத்தினபாய் கிண்ணத்தில் சைலாலை ஊற்றினாள். ஊற்றியவள் ஸ்லைடைப் பிடித்தபடியே நின்றாள்.

கழற்றினால் ஹஃபீசாவின் மூச்சு போய்விடும். சைலாலைத் திரும்பப் புட்டியில் ஊற்றி மூடினாள்.