பப்பாளித் தொட்டிக்குப் பின்னால்

மூன்றேகாலுக்கு அடுக்குமாடி புளோக்கின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது, முனீரா டன்லப் ஸ்திரீட் துணிக்கடையில் விரித்துப் போட்ட துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கொசு அதிகாரிகள் வந்திருக்கிறார்களாம். பன்னிரண்டாம் மாடியிலிருந்து வீடு வீடாக, தேங்கின தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று சோதனை போட்டு இறங்குகிறார்களாம். நம்மகிட்ட என்ன இருக்கு என்று போனை வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். பாதி மடிப்பில் கை நின்றுபோனது.

ஐயோ, வாளி!

முனீராவுக்குத் தன் செடிகளைப் பற்றிக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்ன, நிறையவே உண்டு. ஆறு வருஷத்துக்கு முன்னால் காரை விற்றதிலிருந்து பிடோக் வீட்டிலிருந்து லிட்டில் இந்தியாவில் இருக்கும் கடைக்குத் தினமும் சைக்கிள்தான். நாலாம் மாடிக் காரிடாரின் மூலையில் கீரை, வெண்டை, கத்தரி, கறிவேப்பிலை, இதுவரை ஒரு காய்கூடக் காய்க்காத குட்டைப் பப்பாளி. தேக்கா மார்க்கெட்டில் கீரைக்கட்டைக் கண்டால் உதட்டைப் பிதுக்குவாள். போன மாதம் குடியிருப்பாளர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, தண்ணீர் தேங்காமல் செடி வளர்ப்பது ஒரு பெரிய வித்தையே இல்லை என்று பத்து நிமிஷம் பேசினாள். முதலில் கைதட்டியது பக்கத்து வீட்டுக் கமலம்தான்.

அதற்குப் பிறகுதான் காரிடாரில் நடக்க வழி விடச் சொல்லி நகர மன்றத்திடமிருந்து கடிதம் வந்தது. தொட்டிகளையெல்லாம் சுவரோரமாக நெருக்கித் தள்ளினாள். மழைத்தண்ணீர் பிடிக்கும் பச்சை வாளி பப்பாளித் தொட்டிக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டது. மறுநாளே மச்சான் மகள் கல்யாணத்துக்கு ஜொகூர் போய்ப் பத்து நாள் தங்கிவிட்டாள். வந்ததும் ஒவ்வொரு தொட்டித் தட்டாகக் கவிழ்த்துத் துடைத்தவள், வாளியை மட்டும் மறந்தாள். இந்த மூன்று வாரமும் சாயங்காலம் தவறாமல் மழை.

ஐந்து நாளுக்கு முன்னால் கமலத்தின் மகள் மோகனப்பிரியாவுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே புளோக்கின் கீழே டெங்கி எச்சரிக்கைச் சிவப்பு பேனர் கட்டிவிட்டார்கள்.

யாருக்குப் போன் செய்வது? கணவன் அஹ்சன் இந்த நேரத்தில் துவாஸில், தீவின் அந்தக் கோடியில் இருப்பான். செடிகள் இருக்கிற காரிடார் மூலையில் இருப்பது இரண்டே வீடு. ஒன்று அவளுடையது, இன்னொன்று கமலத்தினுடையது. கமலத்தைக் கூப்பிட்டு என்னவென்று சொல்வது?

தலை சுற்றுகிறது என்று முதலாளியிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தாள். காலாங் தாண்டும் வரை யோசிக்கவேயில்லை, மிதித்தாள். வழக்கமாக ரசித்துக்கொண்டு போகிற பாதைதான். இன்று ஒவ்வொரு சிவப்பு விளக்கும் வேண்டுமென்றே நிறுத்தி வைப்பதாகத் தோன்றியது. தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கும், ஒன்றும் இருக்காது என்று சொல்லிக்கொண்டாள். மூன்று வாரத் தண்ணீர் எப்படித் தெளிவாக இருக்கும் என்பதும் அவளுக்கே தெரிந்திருந்தது.

பாய லேபார் சிக்னலில் போன் அடித்தது. கமலம்.

ஆஸ்பத்திரியிலிருந்து குளித்துவிட்டுப் போக வந்திருந்தாள். அழுது தீர்த்த குரல்.

"அக்கா, மோகனாவுக்கு ப்ளேட்லெட் முப்பத்தெட்டாயிரத்துக்கு இறங்கிருச்சு. ஊர்லேருந்து சின்னம்மா பப்பாளி இலைச் சாறு குடுத்துப் பாருன்னு சொல்றாங்க. நம்ம செடியில நாலு இலை பறிச்சுக்கவா?"

"வேணாம். நான் வந்து பறிச்சுத் தர்றேன். நீ தொடாதே."

ஆறு வருஷமாக முனீராவின் கறிவேப்பிலையைக் கேட்காமலே கிள்ளிக்கொண்டு போகிறவள் கமலம். பெருநாளைக்கு வீட்டுச் சாவியையே அவளிடம் கொடுத்துவிட்டுப் போவாள் முனீரா. இன்றுதான் முதல்முறையாக அனுமதி கேட்டாள், அதற்கு இந்தப் பதில்.

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள் கமலம்.

முனீரா போனைப் பையில் திணித்துக்கொண்டாள். யூனோஸ், கெம்பாங்கான் எல்லாம் எப்படிக் கடந்தாள் என்று தெரியாது. தொடை எரிந்தது. அங்கே ஒரு பெண் உயிருக்குப் போராடுகிறாள், இங்கே நான் இலையைக் காவல் காக்கிறேன், சீ, நானும் ஒரு மனுஷியா என்று தன்னையே திட்டிக்கொண்டு மிதித்தாள்.

நாலு பத்துக்கு லிஃப்டை விட்டு சைக்கிளோடு இறங்கியபோது ஐந்தாம் மாடியில் பேச்சுக்குரல் கேட்டது. கமலத்தின் கதவு சாத்தியிருந்தது. பப்பாளித் தொட்டியை இரண்டு கையாலும் இழுத்தாள். வாளி முக்கால் நிறைந்திருந்தது. மேலே ஒரு பழுத்த இலை. அதை எடுத்ததும் தண்ணீர் முழுக்க உயிர் வந்ததுபோல் நெளிந்தது.

படிக்கட்டில் காலடி. அப்படியே தூக்கிப் பப்பாளித் தொட்டிக்குள் ஊற்றிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வைத்தாள். மண் இறுகிப் போயிருந்தது, சட்டென்று குடிக்கவில்லை. தொட்டிக்கும் காரிடாருக்கும் நடுவில் துப்பட்டாவை விரித்து மறைத்தபடி நின்றாள்.

வந்தது இரண்டு பேர். பெயர்ப்பட்டையில் ஹம்னா என்றிருந்த பெண் டார்ச்சோடு ஒவ்வொரு தட்டாகத் தூக்கிப் பார்த்தாள். முனீராவின் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்க ஆன்ட்டி. எல்லாரும் இப்படி இருந்தா எங்களுக்கு வேலையே இல்ல லா."

முனீரா நின்ற இடத்திலிருந்தே நீட்டிய சாவியால் திறந்து வீட்டுக்குள்ளும் பார்த்து, குறித்துக்கொண்டு, கமலத்தின் கதவைத் தட்டினார்கள். ஈரத் தலையோடு கமலம் திறந்தாள். உள்ளே ஐந்து நிமிஷம் ஆயிற்று. வெளியே வந்தபோது ஹம்னா அவளிடம், வீட்டில் ஒன்றும் இல்லை, கொசு எங்கிருந்தும் வந்திருக்கலாம் என்று ஆறுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கமலம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அதிகாரிகள் காரிடாரில் அடுத்த வீட்டைப் பார்த்து நடந்தார்கள்.

கமலம் செடிக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றுகொண்டாள், தொடாமல். முனீரா நாலு இலையை ஒடித்துக் கொடுத்தாள்.

"என் வீட்டுலதான்க்கா இருந்திருக்கணும்" என்றாள் கமலம். "மணிபிளாண்ட் பாட்டில்ல தண்ணி மாத்தி எத்தனை நாளாச்சுன்னே எனக்கு ஞாபகமில்ல. நேத்துதான் தூக்கிப் போட்டேன். அவங்க இல்லேங்கிறாங்க, எனக்குத் தெரியாதா? நீங்க மீட்டிங்ல அத்தனை தடவ சொன்னீங்களே. என் பொண்ண நானே படுக்க வச்சுட்டேன்."

சரி போயிட்டு வா என்று சொல்லிவிடலாம். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று அவளைக் கிளப்பிவிடலாம். இன்னும் ஐந்து நிமிஷத்தில் மண் முழுவதையும் குடித்துவிடும். எதுவுமே நடக்காததுபோல் நாளைக்குக் கீரைக்குத் தண்ணீர் ஊற்றலாம். முனீரா விரித்திருந்த துப்பட்டாவை இழுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்தாள்.

"பாட்டில் இல்ல கமலம். இங்க பாரு. இது என் வாளித் தண்ணி. மூணு வாரமா கெடந்துச்சு. இப்பத்தான் கொட்டுனேன்."

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. காரிடாரின் நடுவில் ஹம்னா திரும்பிப் பார்த்தாள்.

கமலம் குனிந்தாள். தொட்டியின் விளிம்போரம் ஒரு கரண்டி அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. அதில் மூன்று நான்கு புழுக்கள் நெளிந்து நெளிந்து அடங்கிக்கொண்டிருந்தன. அவள் நிமிரவில்லை. கையிலிருந்த இலைகளையும் விடவில்லை. ஒடித்த காம்புகளிலிருந்து பால் ஒவ்வொரு சொட்டாக அந்த ஈர மண்ணில் விழுந்துகொண்டிருந்தது.